புழுவின் வயிற்றில் ஒரு பூட்டு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? கோமுகி அணையைத் தாண்டியதும் பாதை கல்வராயன் மலைமீது ஏறத் தொடங்கும். அடுத்த முறை அங்கே போகும்போது, மக்கிய இலைகளுக்கு அடியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். அந்தச் சிட்டிகைக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றில் புழுக்களைக் கொல்லும் பாக்டீரியாவும் இருக்கக்கூடும். அதன் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

மலையை விட்டு இறங்கிச் சின்னசேலம் பக்கம் வந்தால் பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்திருக்கும். முதுகில் ஸ்பிரேயரைச் சுமந்துகொண்டு, வாயில் ஒரு துண்டைக் கட்டியபடி மருந்து அடிப்பவர்களை அங்கே பார்த்திருப்பீர்கள். ஒருவேளை அவர் உங்கள் அப்பாவாகவோ மாமாவாகவோ இருக்கலாம். மருந்து என்று நாம் சொல்கிறோமே தவிர, அது நஞ்சுதான். பல பூச்சிக்கொல்லிகள் பூச்சியின் நரம்பு மண்டலத்தைத் தாக்குகின்றன. நம்முடைய நரம்புகளும் ஏறத்தாழ அதே முறையில்தான் வேலை செய்கின்றன. ஆகவே அந்த நஞ்சுக்குப் புழு வேறு, மனிதன் வேறு என்று தெரியாது.

அப்படியானால், புழுவை மட்டும் கொன்று, தெளிப்பவரைத் தொடாத நஞ்சு ஒன்று உண்டா?

பட்டுப்புழு காட்டிய வழி

1901-ஆம் ஆண்டு ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீர் திடீரென்று செத்து விழுந்தன. காரணத்தைத் தேடிய இஷிவாதா என்ற அறிஞர், ஒரு பாக்டீரியாவைக் கண்டார். சில ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மனியில் துரிங்கியா என்னும் பகுதியில், மாவில் வாழும் அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து எர்ன்ஸ்ட் பெர்லினர் இதே பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அந்த ஊரின் பெயரையே சேர்த்து 1915-இல் அதற்குப் ‘பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ்’ என்று பெயரிட்டார். சுருக்கமாக ‘பி.டி.’ என்பார்கள். 1938-இல் பிரான்சில் இது பூச்சிக்கொல்லியாகவே விற்பனைக்கு வந்துவிட்டது.

இந்தப் பாக்டீரியா வித்தாக மாறும்போது தன் உடலுக்குள் ஒரு புரதப் படிகத்தைச் செய்து வைக்கிறது. புழுவைக் கொல்வது இந்தப் படிகம்தான் என்பது 1950-களில் தெளிவாயிற்று. ஆனால் அதை நாம் விழுங்கினால் ஏன் ஒன்றும் ஆவதில்லை?

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். நம் இரைப்பையில் அமிலம் இருக்கிறது. அதன் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 2. இலை தின்னும் புழுவின் குடலோ காரத்தன்மை கொண்டது. அங்கே பி.எச். 10 வரைகூட இருக்கும். பி.எச். அளவில் ஒரு படி என்பது பத்து மடங்கு. எட்டுப் படி என்றால்? ஹைட்ரஜன் அயனிகளின் செறிவில் பத்துக் கோடி மடங்கு வேறுபாடு! புழுவின் காரக் குடலில் படிகம் கரைகிறது. அங்குள்ள நொதிகள் அதைச் சீவிக் கூர்மையாக்குகின்றன. பிறகு அந்தப் புரதம் குடல் சுவரிலுள்ள ஏற்பி என்ற மூலக்கூறில், பூட்டில் சாவி நுழைவதுபோல் போய்ப் பொருந்துகிறது. பல புரதங்கள் ஒன்றுகூடிச் சுவரில் துளையிடுகின்றன. துளை வழியே நீரும் அயனிகளும் புகுந்து செல்கள் ஊதி வெடிக்கின்றன. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். இரண்டு மூன்று நாட்களில் இறந்துவிடும். நம் குடலில் அந்தப் பூட்டே கிடையாது. நாம் தின்ற புரதம் பருப்பிலுள்ள புரதத்தைப்போல் செரித்துவிடும்.

செடிக்குள் புகுந்த ஜீன்

இவ்வளவு நல்ல பொருளுக்கு ஒரு குறை உண்டு. தெளித்த சில நாட்களிலேயே வெயிலின் புற ஊதாக்கதிர் அதைச் சிதைத்துவிடும், மழை கழுவிவிடும். காய்க்குள் துளைத்துப் புகுந்துவிட்ட புழுவை அது எட்டவும் எட்டாது. ஆகவே விஞ்ஞானிகள், அந்தப் புரதத்தைச் செய்யும் ஜீனைச் செடிக்குள்ளேயே வைத்தார்கள். பாக்டீரியாவிலிருந்து அந்த ஜீனை 1981-இல் தனியே பிரித்தார்கள். 1987-இல் புகையிலைச் செடியில் அது வேலை செய்வதைக் காட்டினார்கள். இந்தியாவில் 2002 மார்ச் மாதம் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. 2006-இல் இரண்டு புரதங்கள் கொண்ட விதையும் வந்தது. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. பருத்திதான்.

காய்ப்புழுவுக்கு மருந்து அடிப்பது முதலில் குறைந்தது. ஆனால் 2009-இல் குஜராத்தின் அம்ரேலி, பாவ்நகர், ஜூனாகத், ராஜ்கோட் மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் புரதத்துக்கு அசையவில்லை என்று தெரிந்தது. சில ஆண்டுகளில் இரண்டு புரதங்களையும் அது தின்று செரித்தது. என்ன நடந்தது?

குப்பைக்குப் போன சிறு பாக்கெட்

பூட்டைச் செய்யும் ஜீனில் ஆயிரத்தில் ஒன்று பழுதானது என்று வைத்துக்கொள்வோம். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு புழுவுக்கும் இரண்டு ஜீன்கள் உண்டு. இரண்டும் பழுதானால்தான் புழு தப்பும். அதற்கான வாய்ப்பு 1,000 X 1,000, அதாவது பத்து லட்சத்தில் ஒன்று. தப்பிய புழு அந்தாகி, இன்னொரு தப்பிய அந்தோடு சேர்ந்தால் பிள்ளைகள் அனைத்தும் தப்பும். ஆனால் பக்கத்தில் சாதாரணப் பருத்தி இருந்தால்? அங்கே பூட்டுள்ள அந்துகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். தப்பிய அந்து அவற்றில் ஒன்றோடு சேரத்தான் வாய்ப்பு அதிகம். பிறக்கும் புழுவுக்கு ஒரு நல்ல பூட்டாவது இருக்கும். பி.டி. செடியைத் தின்றால் சாகும்.

இதற்காகத்தான் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையையும் ஒரு தனிப் பாக்கெட்டில் கொடுத்தார்கள். வயலைச் சுற்றி அதை விதைக்க வேண்டும். ஆனால், “புழு தின்பதற்கென்று யாராவது செடி வளர்ப்பார்களா?” என்று நினைத்துப் பலர் அதை விதைக்கவே இல்லை. தனித்தனியே பார்த்தால் அவர்கள் நினைத்தது நியாயந்தான். ஊரே அப்படி நினைத்ததால் எல்லோருக்கும் நட்டம். இப்போது அந்த விதையை ஒரே பையில் கலந்து தரும் முறை வந்திருக்கிறது.

புதிய சாவி செய்வோர்

பூட்டு மாறினால் சாவியையும் மாற்றலாம் அல்லவா? அதற்குச் சாவியின் வடிவம் தெரிய வேண்டும். இங்கேதான் எங்கள் இயற்பியல் உதவிக்கு வருகிறது. படிகத்தின் வழியே எக்ஸ் கதிர்களைச் செலுத்தினால் அவை சிதறிப் புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளின் இடத்தையும் ஒளிர்வையும் கொண்டு அணுக்கள் இருக்கும் இடத்தைக் கணக்கிடலாம். 1991-இல் கேம்பிரிட்ஜில் லீ, கேரல், எல்லர் ஆகியோர் வண்டுகளைக் கொல்லும் பி.டி. புரதம் ஒன்றின் வடிவத்தை இவ்வாறு கண்டறிந்தனர். அதில் மூன்று பகுதிகள் இருந்தன. முதற்பகுதி துளையிடுகிறது. மற்ற இரண்டும் பூட்டில் பொருந்த உதவுகின்றன.

வடிவம் தெரிந்ததும் வேலை தொடங்கியது. ஒரு புரதத்தின் முதல் இரண்டு பகுதிகளோடு வேறொன்றின் மூன்றாம் பகுதியை இணைத்தார்கள். 2007-இல் மெக்சிகோவில் புரதத்தின் நுனியிலிருந்து ஒரு சிறு துண்டை நீக்கி, பூட்டு பழுதான இளஞ்சிவப்புப் புழுவையும் கொன்று காட்டினார்கள். 2016-இல் அமெரிக்காவில் டேவிட் லியூவின் குழு வேறு வழியில் சென்றது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களில் ஜீனை வைத்து, 500-க்கு மேற்பட்ட தலைமுறைகள் பெருக்கினார்கள். புதிய பூட்டில் பொருந்தும் புரதத்தைச் செய்தவை மட்டுமே பிழைத்துப் பெருகின. கடைசியில் கிடைத்த புரதம், எதிர்ப்புப் பெற்ற முட்டைக்கோஸ் புழுவிடம் பழைய புரதத்தைவிட 335 மடங்கு வரை வலிமை காட்டியது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. சாவியை மாற்றினால், நாம் நினைக்காத பூட்டையும் அது திறக்கலாம். முதலில் இறந்தது தீங்கில்லாத பட்டுப்புழுதானே! ஆகவே ஒவ்வொரு புதிய புரதத்தையும் தேனீ, பட்டுப்புழு, மீன், மனிதன் என்று மறுபடியும் சோதிக்க வேண்டும். பி.டி. கத்தரிக்காயை 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்தி வைத்தபோது எழுந்த கேள்விகளில் இதுவும் ஒன்று. மேலும் அசுவினி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளைப் பருத்தியிலுள்ள இந்தப் புரதங்கள் தொடுவதில்லை. ஸ்பிரேயரை முற்றிலும் இறக்கி வைக்க இன்னும் காலம் இருக்கிறது.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மண்ணிலிருந்து பலவகைப் பி.டி. பாக்டீரியாக்களைப் பிரித்து 2010-இல் அறிவித்தார்கள். நம் கல்வராயன் மலையோ கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்தது. இங்குள்ள மண்ணுக்குள் எத்தனை சாவிகள் இருக்கின்றனவோ! அவற்றைத் தேடப் போகிறவர் உங்களில் ஒருவராக இருக்கலாம். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் பருத்தி போடுவதாக இருந்தால், அந்தச் சாதாரண விதையை எங்கே விதைத்தோம் என்று அப்பாவிடம் கேளுங்கள். தெரியாது என்றால், பத்து லட்சத்தில் ஒன்று என்ற கணக்கை அவருக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள்.