கரும்புள்ளியைக் கிள்ளாதீர்!

திருமணம் நெருங்கும் வீடுகளில் பெண்ணின் முகப்பரு பெருங்கவலையாகிவிடுகிறது. சேத்தியாத்தோப்பானாலும் சென்னையானாலும், கண்ணாடி முன் நின்று ஊக்கினாலும் கம்பியினாலும் கரும்புள்ளியை நெம்பி எடுக்கும் வழக்கம் இருக்கிறது. அன்புச் சகோதரிகளே, இதனை இன்றே கைவிடுங்கள்.

கரும்புள்ளி அழுக்கன்று. தோலின் எண்ணெய்ப்பசையும் இறந்த செல்களும் மயிர்க்காலை அடைக்கின்றன. அடைப்பின் வாய் திறந்திருப்பதால் காற்றுப்பட்டுக் கறுக்கிறது. ஆகவே தேய்த்துக் கழுவினால் போகாது. நெம்பினாலோ அடைப்பு உள்ளே உடைந்து, வீக்கமும் மாறாத தழும்பும் உண்டாகும். மூக்கையும் மேலுதட்டையும் சுற்றியுள்ள இரத்தக்குழாய்கள் மூளையை ஒட்டிய குழாய்களுடன் தொடர்புடையவை. அங்கே பிதுக்கிய பருவின் கிருமி, அரிதாக, உயிருக்கே ஆபத்தாகலாம்.

பின் என்ன செய்வது? காலை, இரவு இருவேளை மென்மையான சோப்பினால் கழுவுங்கள். ஒளூவின்போது வெறும் நீரே போதும். கரும்புள்ளிக்கு 2 சதவீத சாலிசிலிக் அமிலமும், சிவந்த பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடும் ஏற்றவை. பலன் தெரிய 6 முதல் 8 வாரங்கள் ஆகும், பொறுமை வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் எதையும் பூசலாகாது.

சிவப்பழகுக்கென்று கைமாறும் ஸ்டீராய்டு களிம்புகள் சில நாள் பொலிவு காட்டிப் பின்னர் பருவைப் பெருக்கும். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று அறிவித்தது. அண்டை வீட்டாரின் களிம்பை உங்கள் மகளுக்குப் பூசாதீர்கள்.

வலியுடன் பருத்துத் தழும்பிடும் பருக்களுக்குச் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் தோல் மருத்துவரை நாடுங்கள். பரு ஆறிவிடும், கீறிய தழும்பு எளிதில் ஆறாது.