வரும் அழைப்பு வீணாகலாமா?
சங்க அலுவலகத்தின் தொலைபேசியை ஒழுங்குபடுத்தும் முறை

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் முகவரி பலமுறை மாறிவிடுகிறது. முகாம், உறவினர் வீடு, வாடகை வீடு, மீள்குடியேற்றக் காணி என்று இடம் மாறும்போது, அனுப்பிய கடிதம் பழைய இடத்திற்கே போய்ச் சேரும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 2007 இல் முள்ளிக்குளத்திலிருந்தும் வெளியேறிய மக்கள் பல ஊர்களில் சிதறி வாழ நேர்ந்ததை நாம் அறிவோம். இவ்வாறு சிதறிய அங்கத்தவர்களுக்கு மாறாமல் இருக்கக்கூடிய ஒரே முகவரி, அவர்களது விவசாயச் சங்கத்தின் தொலைபேசி இலக்கம்தான்.

விதைநெல் எப்போது கிடைக்கும், கடன் தவணை என்றைக்கு, காணி விண்ணப்பத்தின் இறுதித் திகதி எது என்று கேட்க ஒருவர் தொலைபேசி எடுக்கிறார். மணி அடித்து ஓய்கிறது. எடுக்க ஆளில்லை. மறுநாள் அவர் பஸ் ஏறி வரவேண்டும். ஒரு நாள் கூலியும் போகும், பஸ் காசும் போகும். வராவிட்டால் திகதி போய்விடும். ஆகவே சங்கத்திற்கு வரும் அழைப்பை உரியவரிடம் சேர்ப்பதும், ஆளில்லாத வேளையில் அழைப்பவரின் குரலைப் பதிந்து வைப்பதும் எவ்வாறு என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

குளத்து நீரும் தொலைபேசி அழைப்பும்

எமது விவசாயிகளுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. துருசைத் திறந்தால் நீர் பிரதான வாய்க்காலில் இறங்கி, கிளை வாய்க்கால்களுக்குப் பிரிகிறது. எந்த வாய்க்காலுக்கு எப்போது நீர் விடுவது என்பதை முறைவைத்துத் தீர்மானிக்கிறோம். வழியில் உடைப்பு இருந்தால் கடைமடை வயல் காய்ந்துவிடும்.

வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்பே பிரதான வாய்க்கால். ஒவ்வொரு மேசையிலும் உள்ள தொலைபேசி ஒரு கிளை. யாரும் எடுக்காத அழைப்பு போய்த் தேங்கும் சிறுகுளம்தான் குரல் அஞ்சல். இதில் மனதில் வைக்கவேண்டிய விதி ஒன்றுதான். எந்த வழியால் போனாலும் ஒவ்வொரு அழைப்பும் ஒரு மனிதரிடம் முடியவேண்டும். அல்லது ஒரு மனிதர் நிச்சயமாகக் கேட்கப்போகும் செய்தியாக முடியவேண்டும்.

வழிப்படுத்துபவர் யார்?

அமெரிக்காவின் கான்சாஸ் சிற்றி நகரில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் மரணச் சடங்கு ஒழுங்குகள் செய்து கொடுக்கும் தொழில் நடத்தினார். அக்காலத்தில் அழைப்பவர் முதலில் பரிமாற்றகத்தில் இருப்பவருடன் பேசவேண்டும். அவரே கம்பியைச் செருகி இணைத்துவிடுவார். தமக்கு வரவேண்டிய அழைப்புக்கள் போட்டியாளருக்கு அனுப்பப்படுகின்றன என்று ஸ்ட்ரோஜர் சந்தேகித்ததாகச் சொல்லப்படுகிறது. ஆளின் தயவின்றித் தானாகவே இணைக்கும் கருவிக்கு அவர் 1891 இல் காப்புரிமை பெற்றார். 1892 இல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அத்தகைய பரிமாற்றகம் இயங்கத் தொடங்கியது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. அழைப்பை வழிப்படுத்துபவர் கையில் அதிகாரம் இருக்கிறது. இன்று அந்த அதிகாரம் இயந்திரத்துக்குக் கட்டளை எழுதிக் கொடுப்பவரிடம் இருக்கிறது. எனவே, தொலைபேசியைப் பொருத்த வரும் தொழில்நுட்பவியலாளரிடம் இந்தத் தீர்மானத்தை விட்டுவிடலாகாது. நிர்வாகக் குழு கூடிப் பேசி, கடதாசியில் எழுதி, அதை அவரிடம் கொடுக்கவேண்டும்.

இயந்திரம் எத்தகையது?

ஓரிரு வெளி இணைப்புக்களைப் பல மேசைகளுக்குப் பகிரும் கருவியைப் பி.பி.எக்ஸ். என்பர். ஒவ்வொரு மேசைக்கும் 101, 102 என்று உள் இலக்கம் கொடுக்கப்படும். முன்பு இது சுவரில் பூட்டிய பெரிய பெட்டி. இப்போது ஒரு சிறிய கணினியிலேயே இயங்கும். 1999 இல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர், தமது சிறு கொம்பனிக்குத் தொலைபேசிக் கருவி வாங்கப் பணம் போதாமையால், அஸ்ரெறிஸ்க் என்ற மென்பொருளைத் தாமே எழுதினார். அதை யாவரும் இலவசமாகப் பயன்படுத்த விட்டார். சிறிய சங்கங்களும் இன்று அதைப் பயன்படுத்தலாம்.

முதற்படி: ஒரு வாரக் குறிப்பு

எதையும் வாங்குமுன் ஒரு கொப்பி வாங்குங்கள். ஒரு வாரத்திற்கு வரும் ஒவ்வோர் அழைப்பையும் அதில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, எதற்காக வந்தது, யார் பதில் சொல்லக்கூடியவர், பதில் கிடைத்ததா. வார முடிவில் பார்த்தால் எந்த விடயத்திற்கு அதிக அழைப்பு வருகிறது, எந்த நேரத்தில் ஆளில்லாமற் போகிறது என்பது தெளிவாகும். கூலி வேலைக்குச் செல்லும் அங்கத்தவர் காலை 7 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போதான் பேச முடியும் என்றால், அலுவலக நேரத்தை மட்டும் நினைத்து அமைத்த ஒழுங்கு அவருக்கு உதவாது.

இரண்டாம் படி: வரவேற்புக் குரலும் தெரிவுகளும்

இயந்திரம் அழைப்பை எடுத்த கணத்திலிருந்தே அழைப்பவரின் காசு கழியத் தொடங்குகிறது. ஆகவே நீண்ட வரவேற்புரை, இசை, சங்கத்தின் வரலாறு எதுவும் வேண்டாம். 15 விநாடிக்குள் முடியட்டும். தெரிவுகள் நான்குக்கு மேற்படக்கூடாது. விடயத்தை முதலிலும் இலக்கத்தைப் பின்னரும் சொல்லவேண்டும். அப்போதுதான் கேட்பவர் தமக்குரிய இலக்கத்தை நினைவில் வைத்திருப்பார். உதாரணமாக:

“வணக்கம். இது விவசாயச் சங்கம். விதைக்கும் உரத்துக்கும் 1. விற்பனைக்கு 2. கடனுக்கு 3. ஒருவருடன் பேசுவதற்கு, எதையும் அழுத்தாமல் காத்திருங்கள்.”

கடைசி வசனம் முக்கியமானது. முதியவர்களும் கண்பார்வை குறைந்தவர்களும் பொத்தான்களைத் தேடி அழுத்தச் சிரமப்படுவர். 5 விநாடிக்குள் எதுவும் அழுத்தப்படாவிட்டால், அழைப்பு தானாகவே ஒருவரிடம் போகவேண்டும். தவறான பொத்தானை அழுத்தினால் ஒரு தடவை திரும்பச் சொல்லிவிட்டு, பின்னர் ஆளிடம் இணைக்கவேண்டும். இணைப்பை வெட்டிவிடக்கூடாது. சிங்கள விவசாயிகளுடனும் வியாபாரிகளுடனும் தொடர்புள்ள இடங்களில் அம்மொழியிலும் ஒரு வசனம் சேர்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: மணி அடிக்கும் ஒழுங்கு

உரிய அலுவலரின் மேசையில் 20 விநாடி மணி அடிக்கட்டும். எடுக்காவிட்டால் அலுவலகத்தில் உள்ள எல்லா மேசைகளிலும் ஒருங்கே 20 விநாடி அடிக்கட்டும். அதன் பின்னரும் ஆளில்லையென்றால் குரல் அஞ்சலுக்குப் போகட்டும். இதற்கு மேல் காத்திருக்க வைப்பது அழைப்பவரின் பணத்தை வீணாக்குவதாகும்.

இங்கு ஓர் உடைப்பைக் குறித்து எச்சரிக்கிறோம். வெளியில் வேலை செய்யும் களப் பணியாளரின் கைத்தொலைபேசியையும் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதுண்டு. அவரது கைத்தொலைபேசி அணைந்திருந்தால், அவருடைய சொந்தக் குரல் அஞ்சல் உடனே அழைப்பை எடுத்துவிடலாம். ஒருவர் பதிலளித்துவிட்டார் என்று கருதி இயந்திரம் மற்ற மேசைகளின் மணியை நிறுத்திவிடும். அலுவலகத்தில் மூவர் இருந்தும் அழைப்பு எங்கோ போய் விழுந்துவிடும். இதைத் தடுக்க வழி உண்டு. கைத்தொலைபேசியில் எடுப்பவர் 1 ஐ அழுத்திய பின்னரே இணைப்புக் கிடைக்கும்படி அமைக்கலாம். தொழில்நுட்பவியலாளரிடம் இதைக் கேட்டுப் பெறுங்கள்.

அதுபோல, முதலாமவர் எடுக்காவிட்டால் இரண்டாமவருக்கு, இரண்டாமவர் எடுக்காவிட்டால் முதலாமவருக்கு என்று திருப்பிவிடலாகாது. அழைப்பு வட்டத்தில் சுற்றிக் கடைசியில் அறுந்துபோகும்.

நான்காம் படி: மூடிய கதவும் குரல் அஞ்சலும்

நள்ளிரவில் நண்பனின் கதவைத் தட்டி அப்பம் கேட்ட மனிதனின் கதையை ஆண்டவர் சொன்னார். உள்ளே இருந்தவர் எழும்ப மனமின்றி இருந்தாலும், தட்டும் சத்தம் அவருக்குக் கேட்டது. அலுவலகம் மூடியிருக்கலாம், தட்டுவது கேட்கவேண்டும். குரல் அஞ்சலின் நோக்கம் அதுவே.

இயந்திரத்தில் வேலை நேரத்தையும் ஞாயிறு, போயா, பொது விடுமுறை நாட்களையும் பதிந்துவிடவேண்டும். விடுமுறை அறிவிப்பை நீக்கும் பொறுப்பு ஒருவருக்குப் பெயர் குறித்து ஒப்படைக்கப்படவேண்டும். நத்தார் விடுமுறை என்று மாசி மாதத்திலும் அறிவித்துக்கொண்டிருக்கும் தொலைபேசியை யாரும் நம்பமாட்டார்கள்.

குரல் அஞ்சலில் நான்கு விடயங்களைக் கேட்கவேண்டும்: பெயர், இப்போது வசிக்கும் இடம், திருப்பி அழைக்கவேண்டிய இலக்கம், சுருக்கமாக விடயம். இலக்கத்தை இருமுறை சொல்லச் சொல்லுங்கள். அழைத்த இலக்கம் திரையில் தெரிகிறதே என்று விட்டுவிடவேண்டாம். இடம்பெயர்ந்தோர் பலர் அயலவரின் தொலைபேசியிலிருந்து பேசுகிறார்கள். அந்த இலக்கத்துக்குத் திருப்பி அழைத்து, எடுத்தவரிடம் கடன் பாக்கியையோ காணிப் பிணக்கையோ சொல்லிவிட்டால், ஒரு குடும்பத்தின் மானம் ஊருக்குப் போய்விடும். உரியவர் வந்து பேசும் வரை விடயத்தைச் சொல்லலாகாது.

எப்போது பதில் வரும் என்பதையும் சொல்லுங்கள். “நாளை காலை 10 மணிக்குள் உங்களை அழைப்போம்” என்றால் அழைத்தேயாக வேண்டும். தினமும் காலையில் முதல் வேலையாகச் செய்திகளைக் கேட்டு, கொப்பியில் பதிந்து, பதில் சொன்ன நேரத்தையும் சொன்னவர் பெயரையும் எதிரே எழுதவேண்டும். எதிரே வெற்றிடமாக உள்ள ஒவ்வொரு வரியும் குழுக் கூட்டத்தில் கேட்கப்படவேண்டும். செய்திப் பெட்டி நிரம்பிவிட்டால் புதிய செய்தி ஏறாது. ஆகையால் பதில் சொல்லி முடித்தவற்றை அழித்துவிடுங்கள்.

ஒரே ஒரு கைத்தொலைபேசி உள்ள சங்கத்துக்கு

கருவி வாங்க வசதியில்லாத சங்கங்களே அதிகம். அவர்களும் ஓர் ஒழுங்கைச் செய்யலாம். சங்கத்தின் கைத்தொலைபேசியில் கீழ்க்காணும் கட்டளைகளை அழுத்தி அழைப்புப் பொத்தானைத் தட்டினால், அழைப்பு வேறோர் அங்கத்தவருக்குத் திரும்பும். ‘இலக்கம்’ என்ற இடத்தில், முதலில் உள்ள 0 ஐ விட்டு +94 உடன் அவரது இலக்கத்தை எழுதுங்கள்.

எடுக்காவிட்டால்: **61*இலக்கம்*11*20#
அணைந்திருந்தால் அல்லது அலைவரிசை இல்லாவிட்டால்: **62*இலக்கம்#
வேறு அழைப்பில் இருந்தால்: **67*இலக்கம்#

முதலாவதில் உள்ள 20 என்பது மணி அடிக்கும் விநாடிகள். 5 இலிருந்து 30 வரை, ஐந்து ஐந்தாகக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். சரியாகப் பதிந்ததா என்று பார்க்க *#61# அழுத்துங்கள். யாவற்றையும் நீக்க ##002# அழுத்துங்கள். இக்கட்டளை கைத்தொலைபேசியில் அல்ல, கொம்பனியின் பரிமாற்றகத்தில் பதியப்படுகிறது. எனவே பற்றறி இறங்கிவிட்டாலும் அழைப்பு உரியவரிடம் போகும். திரும்பிச் செல்லும் பகுதிக்கான கட்டணம் சங்கத்தின் கணக்கில் சேரும் என்பதை மறக்கவேண்டாம். சில பொதிகளில் இவ்வசதி அனுமதிக்கப்படாதிருக்கலாம். கொம்பனியின் வாடிக்கையாளர் சேவையிடம் கேட்டு அறியுங்கள். முறைவைத்து வாரத்துக்கு ஒருவர் பொறுப்பேற்றால் ஒருவர் மேல் சுமை விழாது.

பாதுகாப்பு

குரல் அஞ்சலுக்குக் கருவியுடன் வரும் இரகசிய இலக்கம் 1234, 0000 போன்று எவரும் ஊகிக்கக்கூடியதாக இருக்கும். முதல் நாளே மாற்றிவிடுங்கள். இடம்பெயர்ந்த ஒருவர் எங்கே வசிக்கிறார், எந்தக் காணிக்காக அலைகிறார் என்பதெல்லாம் அச்செய்திகளில் இருக்கும். இருவருக்கு மேல் எவரும் கேட்கலாகாது. வெளிநாட்டு அழைப்புக்களைத் தடுத்துவையுங்கள். இணையத்துடன் இணைந்த கருவிகளில் திருடர்கள் புகுந்து வெளிநாட்டு இலக்கங்களுக்கு அழைப்பதால் பெருந்தொகைப் பட்டியல் வந்து சேர்ந்த நிறுவனங்கள் உலகெங்கும் உண்டு. மின்வெட்டு நேரத்துக்கு ஒரு பற்றறி ஏற்பாடும் தேவை.

அழைப்பவர்களுக்கு

இயந்திரத்துடன் பேச எமது மக்களுக்குக் கூச்சம் உண்டு. குரல் அஞ்சல் வந்ததும் பலர் பேசாமலே வைத்துவிடுகிறார்கள். மாதக் கூட்டத்தில் 10 நிமிடம் ஒதுக்கி ஒவ்வொருவரையும் ஒருமுறை பேசிப் பழக்குங்கள். மணியொலி கேட்டபின் பேசத் தொடங்கவேண்டும். பெயரும் இடமும் முதலில், கதை பின்னர். இதே பழக்கம் வெளி அலுவலகங்களுடன் பேசும்போதும் உதவும். அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919, விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆகிய இலக்கங்களை அழைக்கும்போது மொழித் தெரிவு கேட்கப்பட்டால் தமிழைத் தெரிவுசெய்யத் தயங்கவேண்டாம். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியே.

சோதித்துப் பாருங்கள்

யாவும் அமைத்த பின், குழுவில் இல்லாத ஒருவரைக் கொண்டு சோதியுங்கள். தூரத்தில் வசிக்கும், எழுத வாசிக்கத் தெரியாத ஒரு தாயாராக இருந்தால் மிக நன்று. அவர் மதிய உணவு வேளையில் ஒரு தடவை, இரவு 8 மணிக்கு ஒரு தடவை, மின்சாரம் இல்லாதபோது ஒரு தடவை அழைக்கட்டும். மூன்று தடவையும் அவருக்குப் பதில் கிடைத்ததா என்று கேளுங்கள். தலைவரின் அழைப்புக்கு எந்தச் சங்கத்திலும் பதில் கிடைக்கும். வாய்க்கால் சரியா என்பதைத் துருசடியில் நின்று பார்க்க முடியாது. கடைமடை வயலுக்குப் போய்த்தான் பார்க்கவேண்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதனை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, அந்த ஒரு வாரக் கொப்பியை உடனே தொடங்குமாறு எமது சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.