வலி கண்ட பிறகும் வீட்டில் ஏன்?

சிங்கம்புணரி சுற்றுவட்டாரத்திலிருந்து இரண்டாவது பிரசவத்துக்கு வருகிற பெண்களில் பலர், கர்ப்பப்பை வாய் முக்கால்வாசி திறந்த பிறகுதான் ஆஸ்பத்திரிப் படியேறுகிறார்கள். பனிக்குடம் உடைந்து பாவாடை நனைந்திருக்கும். "எப்பம்மா வலி கண்டுச்சு?" என்றால், "நேத்து ராத்திரியே டாக்டர். சூட்டு வலின்னு நெனச்சு சீரகத் தண்ணி குடுத்தேன்" என்பார் அம்மா. அவர் மருந்துச் சீட்டோடு வெளியே போனதும் மகள் வேறு கதை சொல்வாள்: "சீக்கிரம் வந்தா விடிய விடிய தனியாப் படுக்கணும். போன தடவ கத்துனதுக்குத் திட்டுனாங்க."

சீரகத் தண்ணீரைவிட எனக்குப் பயம் தருவது இந்தப் பதில்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தன. ஊரையே ஆஸ்பத்திரிக்கு வரவைத்துவிட்டோம். வந்தவள் மனநிறைவோடு வீடு திரும்பினாளா என்று கேட்க மறந்துவிட்டோம். மனம் நொந்து போனவள் அடுத்த முறை தாமதமாக வருகிறாள். அல்லது "ஆபரேஷனே பண்ணிடுங்க" என்று வருகிறாள்.

டாக்டர் பார்த்தால்தான் நல்ல பிரசவமா?

"நர்ஸம்மா பார்த்தாங்க" என்று சொல்லவே சிலருக்குக் கூச்சம். 2015இல் இங்கிலாந்தின் இளவரசி கேட், சார்லட்டைப் பெற்றபோது பிரசவம் பார்த்தவர்கள் மிட்வைஃப் எனப்படும் பேறுகாலச் செவிலியர்கள். மகப்பேறு நிபுணர்கள் தேவைப்பட்டால் வருவதற்குத் தயாராக இருந்தார்கள், அவ்வளவுதான்.

பதினேழாயிரத்துக்கும் அதிகமான பெண்களை உள்ளடக்கிய ஆய்வுகளை 2016இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. கர்ப்பம் முதல் பிரசவம் வரை பேறுகாலச் செவிலியரின் தொடர் கவனிப்பில் இருந்தவர்களுக்கு கருவி கொண்டு குழந்தையை எடுக்கும் ஆயுதப் பிரசவமும், பிறப்புவாயை வெட்டித் தைப்பதும் குறைந்தன. திருப்தியும் பெரும்பாலும் கூடுதலாக இருந்தது. இந்தியாவும் 2018இல் இதற்கென வழிகாட்டுதல் வெளியிட்டு, செவிலியர்களுக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சியை வகுத்தது.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகப்பிரசவத்தைப் பெரும்பாலும் செவிலியர்கள்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஒரே பெண்ணோடு கடைசிவரை கூட இருக்க அவர்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை. குறை அங்கேதான், அவர்களின் கைத்திறனில் இல்லை. முன்பு சிசேரியன் ஆனவர்கள், ரத்தக்கொதிப்பு, கடுமையான ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, தலை திரும்பாத குழந்தை உள்ளவர்கள் போன்றோர் கட்டாயம் மகப்பேறு நிபுணர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

திருப்தி எதில் இருக்கிறது?

வலி குறைந்தால் திருப்தி என்று நினைக்கிறோம். ஆய்வுகள் வேறு சொல்கின்றன: கவனித்தவர் எப்படி நடந்துகொண்டார், கூட யார் இருந்தார், முடிவெடுக்கும்போது தன்னைக் கேட்டார்களா என்பவையே வலியைவிட அதிகமாக மனதில் நிற்கின்றன. சிசேரியன் ஆனாலும், ஏன் என்று முன்பே விளக்கப்பட்டவள் நிம்மதியாகப் பேசுகிறாள்.

பிரசவத்துணையாக ஒரு பெண் உடனிருக்கலாம் என்ற ஏற்பாடு தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004இலேயே வந்துவிட்டது. உரிமையோடு கேளுங்கள். வலி நேரத்தில் நடக்கலாம், ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம். குழந்தையைத் தள்ள மேல்வயிற்றை அமுக்குவதையும், எல்லோருக்கும் வழக்கமாக வெட்டித் தைப்பதையும் உலக சுகாதார நிறுவனம் 2018இல் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

காதில் விழும் கதைகள்

'விளக்கெண்ணெய் குடித்தால் வலி வரும்.' வயிற்றுப்போக்கு வரும். உடம்பு வற்றி, தெம்பில்லாமல் வந்து படுப்பவளை வைத்துக்கொண்டு நாங்கள் திண்டாடுவோம்.

'ஊசி போட்டால் வலி கூடும்.' கூடும்தான். குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணிக்காமல் எங்கோ ஒரு வீட்டுத் திண்ணையில் போடப்படும் அந்த ஊசியால் கர்ப்பப்பையே கிழியலாம். யார் போட்டது என்று கேட்டால் குடும்பமே மௌனமாகிவிடும். இந்த மௌனம் எனக்குப் புரிவதேயில்லை.

'கொடி சுற்றியிருக்கு, ஆபரேஷன்தான்.' ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். பெரும்பாலானவை சுகமாகவே பிறக்கின்றன.

'நல்ல நேரத்தில் எடுத்துவிடலாம், வலியும் இல்லை.' வலி பிரசவத்துக்குப் பிறகு வரும். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடும். அதே 2019-21 ஆய்வின்படி மாநிலத்தில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் மட்டும் 63.8. இத்தனையும் அவசியம் என்று நான் நம்பவில்லை.

'வீட்டில் பெறுவதே இயற்கை.' ரத்தப்போக்கும் இயற்கைதான். 2018இல் யூடியூப் வீடியோவை நம்பி வீட்டிலேயே பெற முயன்ற திருப்பூர்ப் பெண் ஒருவர் உயிரிழந்தார். உதிரம் கொட்டத் தொடங்கினால் நிமிடங்கள்தான் கையில். சிங்கம்புணரியிலிருந்து மதுரை போய்ச்சேர ஒரு மணி நேரம் வேண்டும்.

எப்போது கிளம்புவது?

வலி விட்டுவிட்டு, நெருக்கமாகி, கூடிக்கொண்டே போனால், பனிக்குடம் உடைந்தால், உதிரம் பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால். நல்ல நேரம் பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

வளைகாப்பு முடித்துத் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் தாய்வீடு வரும் பெண்களே, சீர்வரிசையோடு பரிசோதனை ஃபைலையும் எடுத்து வாருங்கள். கர்ப்பத்தைப் பதிவுசெய்தபோது தந்த பிக்மி எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறீர்கள். ரத்த அளவு எவ்வளவு என்றால் மாமியார் முகத்தைப் பார்க்கிறீர்கள். வந்த வாரத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். பிரசவம் பார்க்கும் இடத்துக்கு ஒருமுறை முன்கூட்டியே போய்வாருங்கள். முகம் தெரிந்தால் பயம் பாதி குறையும்.

சக மருத்துவர்களே, செவிலியர்களே, கத்துகிறவளைத் திட்டாதீர்கள். அவளுக்கு வலிக்கிறது.

திட்டு வாங்கியிருந்தால் தலைமை மருத்துவரிடம் எழுதிக் கொடுங்கள், 104 மருத்துவ உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள், வேறு ஆஸ்பத்திரிக்குக்கூடப் போங்கள். எங்கள் மேலுள்ள கோபத்தில் வீட்டில் மட்டும் காத்திருக்காதீர்கள், தாயீ. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுக்கப்போவது திட்டினவர் அல்ல, உங்கள் பிள்ளை.