திருவொற்றியூர்க் கல்வெட்டுத் தரவும் பிரதிபேத நெறியும்

திருவொற்றியூர்க் கோயிற் கல்வெட்டுகள் தொண்டைநாட்டு வரலாற்றுக்குப் பெருந்துணை புரிவன. பல்லவன் அபராசிதவர்மன் காலத்தனவும் சோழர் காலத்தனவும் அவற்றுள் உள. அவற்றுட் பல 1912ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஆண்டறிக்கையில் இடம்பெற்றன. இவற்றிற்குரிய சொல்லடைவை இராயபுரத்தில் ஒருவரும் எண்ணூரில் ஒருவரும் கணிப்பொறித் தரவுத்தளமாகத் தொகுப்பதாகக் கொள்வோம். ஒருவரிடம் உள்ளது மென்பொருளின் பழைய பதிப்பு. மற்றவரிடம் உள்ளது புதியது. இருவர் படிகளையும் அவ்வப்போது ஒத்திசையச் செய்யுங்கால் எழும் இடர்ப்பாடுகள் யாவை, அவற்றைக் களையுமாறு யாது என்பன ஈண்டு ஆராயப்பெறும்.

முதலாவது, எழுத்துப் பற்றியது. சாசனங்கள் பெரும்பாலும் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்று தொடங்கும். ஒருங்குறியில் ஶகரம் 2005ஆம் ஆண்டில், 4.1 என்னும் பதிப்பிற் சேர்க்கப்பெற்றது. அதற்கு முன்னர் ஸகர மெய்யோடு ரீகாரத்தை இணைத்தே ‘ஸ்ரீ’ எழுதப்பட்டது. பின்னர் ஶகர மெய்யாலும் எழுதலாயிற்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவாகத் தோன்றும். கண்ணுக்கு ஒன்றாயினும் கணிப்பொறிக்கு அவை இரு வேறு சொற்கள். ஆகவே, தேடுவார்க்கு ஒருபாதிச் சான்றுகள் அகப்படா. சொல்லின் வருகையெண்ணும் பிழைபடும். ஔகாரக் குறியின் பிற்பகுதிக்கு ளகரத்தை இடுவதும் இத்தகைய வழுவே. ஒகரக் குறியை ஒன்றாகவும் எகர, ஆகாரக் குறிகள் இரண்டாகவும் எழுதும் வேறுபாட்டை ஒருங்குறியின் இயல்பாக்க முறை தானே நீக்கும். முற்கூறிய இரண்டையும் அது நீக்காது. அவற்றைத் தொகுப்போரே உடன்பட்டு ஒருபடித்தாக்கல் வேண்டும்.

இரண்டாவது, புலம் பற்றியது. புதிய பதிப்பில் ‘கல்வெட்டு உள்ள இடம்’ என்றொரு புலம் சேர்க்கப்பெற்றதென்க. பழைய பதிப்பு அதனை அறியாது. கோப்பைத் திறந்து மீளச் சேமிக்கும்போது அதனை விட்டுவிடுதலும் கூடும். ஒத்திசைவு அவ்விடுபாட்டைத் திருத்தமெனக் கொண்டு மற்றைப் படியிலும் அழித்துவிடும். ஆதலின், பதிப்பெண்ணைக் கோப்பினுள்ளேயே குறித்தல் வேண்டும். பழைய பதிப்புடையார் மென்பொருளைப் புதுப்பிக்குங்காறும் படித்தல் மட்டுமே செய்தல் நன்று.

மூன்றாவது, முரண் பற்றியது. ஒவ்வொரு பதிவுக்கும் ஆண்டறிக்கையின் ஆண்டையும் எண்ணையுமே அடையாளமாகக் கொள்ளின், வரிசை மாறினும் பதிவு மாறாது. ஒரே பதிவை இருவரும் திருத்தியவழி, பிந்திய திருத்தமே நிலைபெறுக என்பது மென்பொருள்கள் பலவற்றின் வழக்கம். பிந்தியது திருந்தியதென்பதற்கு உறுதி யாது? சிதைந்த எழுத்தை ஒருவர் ஐயத்தோடு விட்டிருக்க, மற்றவர் ஊகித்து நிரப்பியிருக்கலாம். உ. வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பிரதிபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டிய நெறியே இங்கும் ஏற்புடையது. இரு பாடங்களையும், திருத்தியவர் பெயரையும் நாளையும் காத்து, கல்வெட்டின் மைப்படியை நோக்கிய பின்னரே ஒன்றைத் துணிதல் வேண்டும்.

ஒத்திசைவுக்கு முன் இருவர் படிகளையும் தனித்தனியே காத்துவைத்தலும், பின்னர்ப் பதிவுகளின் தொகையை ஒப்பிடுதலும் இன்றியமையாதன. பிழைபட்ட அடைவின்மேல் எழும் ஆய்வு முடிபும் பிழைபடும். கல்லிற் பொறித்தோர் காத்த சொல்லைக் கணிப்பொறியில் இழத்தல் நமக்குத் தகாது.