உங்களுக்குத் தெரியுமா? – நம் ஊரும் நம் படங்களும்

● சேலத்தின் பெருமையான மாடர்ன் தியேட்டர்ஸை 1935-ல் தொடங்கிய டி.ஆர்.சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938), முதல் கலர் படமான ‘கண்டம்பெச்ச கோட்டு’ (1961) இரண்டுமே இவர் எடுத்தவை. நூறு படங்களைத் தாண்டிய அந்த ஸ்டூடியோவுக்கு ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் மிச்சம்.

● தமிழின் முதல் முழுநீளக் கலர் படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956). அதுவும் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்புதான். சேலத்தில் பாக்தாத்தைக் கட்டிக் காட்டிய உழைப்பு லேசானதல்ல. ஆனால் நம் தறிச் சத்தமோ மரவள்ளிக் காடோ அதில் கிடையாது. நம் மண்ணின் கதை திரைக்கு வர வெகுகாலம் ஆயிற்று.

● 2023 ஜூன் 29-ல் வந்த ‘மாமன்னன்’ படத்தில் வடிவேலு காசிபுரம் தனித்தொகுதியின் எம்.எல்.ஏ. நம் பக்கத்து ஆட்களுக்கு அது ராசிபுரம் என்றுதான் காதில் விழும், அதுவும் தனித்தொகுதியே. கோயில் கிணற்றில் குளித்த சிறுவர்களைக் கல்லால் அடிக்கும் காட்சியும், எம்.எல்.ஏ.வே ஆனாலும் வில்லன் ரத்னவேலு முன்னால் உட்காராமல் நிற்கும் வடிவேலுவும் போதும், இயக்குநர் மாரி செல்வராஜைக் கொண்டாட. முப்பது வருஷத்துக்கு மேல் சிரிக்க வைத்த முகமா இது என்று நெஞ்சு அடைத்துப் போனது. இடைவேளைக்குப் பின் கதை தேர்தல் கணக்கில் சிக்கி வழக்கமான படமாகிவிட்டது என்பது என் வருத்தம்.

● அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று. படம் ஓடிடிக்கு வந்ததும், வில்லன் ரத்னவேலுவாக வரும் ஃபகத் ஃபாசில் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டுச் சேர்த்து இளவட்டங்கள் பரப்பினார்கள். நடிகர் மேல் குற்றமில்லை. வில்லனுக்கு அத்தனை மிடுக்கைக் கொடுத்த இயக்குநர் யோசித்திருக்க வேண்டும், பார்த்தவர்களும்தான்.

● பெருமாள்முருகனின் ‘வறுகறி’ சிறுகதைதான் ‘சேத்துமான்’ (2022) படமானது. இயக்கியவர் தமிழ், தயாரிப்பு பா.ரஞ்சித்தின் நீலம். கூடை முடையும் தாத்தா பூச்சியப்பன், பேரன் குமரேசன், பன்றிக்கறிக்கு ஆசைப்படும் பண்ணையக்காரர்: இவ்வளவுதான் கதை. பன்றியைப் பிடித்து, கொன்று, வாட்டி, கறியாக்கும் வரை கேமரா அவசரப்படுவதில்லை. யார் கை வேலை செய்கிறது, யார் கை காத்திருக்கிறது என்பதிலேயே ஊரின் அடுக்கு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. கொங்குப் பேச்சும் இட்டுக்கட்டாமல் இயல்பாக வருகிறது. என் கணக்கில் இந்த வட்டாரத்தைப் பற்றி வந்த படங்களில் இதற்குத்தான் முதலிடம்.

● திருச்செங்கோட்டை அடுத்த கூட்டப்பள்ளியில் பிறந்த பெருமாள்முருகன், தியேட்டரில் வேலை பார்க்கும் பையன்களைப் பற்றி ‘நிழல்முற்றம்’ என்று ஒரு நாவலே எழுதியவர். அப்படிப்பட்டவரின் கதையில் வந்த ‘சேத்துமான்’ நேரே ஓடிடிக்குப் போய்விட்டது. திருச்செங்கோட்டிலும் ராசிபுரத்திலும் ஒரு வாரமாவது பெரிய திரையில் போட வேண்டும். டிக்கெட் வாங்க நான் தயார்.