மின்னஞ்சல் மறுமொழியில் எழுத்தும் கோலமும்

சென்ற ஆண்டு, பரீட்சைக்குத் தோற்றவிருந்த எம் பாடசாலை மாணவர் 31 பேரின் பெயர்ப்பட்டியலை மின்னஞ்சல் வழியாக ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் மறுமொழி வந்தது. "சிவப்பு நிறத்தில் உள்ளவற்றைத் திருத்தி அனுப்புக" என்பதே அதன் வாசகம். அதன் கீழே என் பட்டியல் கிடந்தது. ஹுன்னஸ்கிரிய மலைச்சாரலில் அலைத்தொடர்பு வருவதும் போவதுமாய் இருப்பதால், வெறும் எழுத்தை மட்டும் காட்டும்படி என் கைத்தொலைபேசியை அமைத்திருந்தேன். முப்பத்தொரு பெயர்களும் ஒரே நிறத்தில் நின்றன. சிவப்பு யாதும் இன்மையின் திருத்தமும் இல்லையென்று கொண்டேன். வினவித் தெளிந்திருக்க வேண்டும். அவ்வளவில் பிழை என்னுடையதே. ஒரு மாணவியின் தந்தை பெயரின் முதலெழுத்து பிழையாகவே பதிவாயிற்று. அதனைத் திருத்துவதற்குத் தோட்டத் தொழிலாளியாகிய அத்தந்தை இருமுறை கண்டிக்குச் சென்று இரண்டு நாட் கூலியை இழந்தார்.

அச்சிவப்பு எங்கே போயிற்று? இதனை விளக்கப் புகின், மின்னஞ்சலின் பிறப்பிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

1971ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரேமண்ட் தொம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு வலைவழி மடல் அனுப்பியபோது, அதில் எழுத்தன்றி வேறொன்றும் இல்லை. 1982இல் வகுக்கப்பெற்ற மின்னஞ்சல் விதியும் 128 குறிகளைக் கொண்ட ஆஸ்கி என்னும் உரோமன் எழுத்தட்டவணையையே அடிப்படையாகக் கொண்டது. தடித்த எழுத்துக்கு அதில் இடமில்லை. தமிழ் எழுத்துக்கும் இடமில்லை. பத்தாண்டு கழித்து, 1992இல், நதானியல் போரென்ஸ்டைன், நெட் பிரீட் என்னும் இருவர் 'மைம்' என்னும் முறையை வகுத்தனர். பிறமொழி எழுத்தும், நிறமும் தடிப்பும், படமும் கோப்பும் ஒரே வாயிலால் மடலுக்குள் நுழைந்தன. எழுத்து வேறு, கோலம் வேறு என்பதைப் பலரும் மறப்பதற்கு இவ்வுடன்வரவும் ஒரு காரணமாகும் என்பது என் கருத்து.

இம்முறைப்படி, கோலஞ்செய்த மடல் ஒன்றை யாம் அனுப்புங்கால் பெரும்பாலும் இரண்டு படிகள் செல்கின்றன. முதலாவது வெற்றெழுத்துப் படி. இரண்டாவது, நிறமும் தடிப்பும் வரிசையும் குறித்த எச்.டி.எம்.எல். படி. பெறுபவரது கருவி தனக்கியன்றதைத் தெரிந்து காட்டும். அனுப்பியவர் தம் திரையில் இரண்டாவதையே காண்கின்றார். முதலாவது ஒன்று உண்டென்பதும் பலர் அறியார். அலுவலகத்தார் இட்ட சிவப்பு இரண்டாம் படியிலே இருந்தது. யான் படித்ததோ முதற்படி. இருவரும் ஒரே மடலைப் பார்ப்பதாக எண்ணிக்கொண்டு இரண்டு மடல்களைப் பார்த்திருக்கின்றோம்.

தமிழர்க்கு இவ்விடர் புதிதன்று. ஒரு காலத்தில் நிறம் மட்டுமன்றி மடல் முழுவதுமே இவ்வாறு மறைந்ததுண்டு. இலங்கை அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பெருவழக்குடைய பாமினி எழுத்துருவை அறியாதார் இலர். அதில் 'தமிழ்' என்று அமைக்க விரல் தொடுவன ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு உரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாம். கணினி தன் நினைவில் வைப்பதும் அவ்வைந்தையே. அவற்றின்மேல் 'பாமினி' என்னும் போர்வை கிடக்குமளவும் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். போர்வை நீங்கின் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலே எஞ்சும். கோலஞ்செய்த மடலில் பாமினி தப்பிப் பிழைக்கலாம். பெறுபவர் வெற்றெழுத்தில் மறுமொழி எழுதினாலோ, அவர் கருவியில் அவ்வெழுத்துரு இல்லாவிட்டாலோ, மடல் பாழ். உரோமன் எழுத்தில் எழுதுவோர்க்கு வடிவமைப்பு என்பது அலங்காரம்; எமக்கு அதுவே உயிராக இருந்தது.

1990களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் முதலியோர் பங்குகொண்டு உருவாக்கிய டி.எஸ்.சி.ஐ.ஐ. என்னும் குறியீடு இவ்விடரை நன்குணர்ந்தது. 256 இடங்களில் முதல் 128ஐ உரோமன் எழுத்துக்கே விட்டுப் பின் 128இல் தமிழை அமைத்தனர். ஒரே எழுத்துருவில், வெற்றெழுத்து மடலிலேயே, இருமொழியும் கலந்து எழுத இயன்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் முற்பட்ட மின்னூல்கள் பல இக்குறியீட்டில் வந்தன. எனினும் பெறுபவரிடத்தும் அதற்குரிய எழுத்துரு வேண்டும் என்னும் நிபந்தனை நீங்கவில்லை.

அதனை நீக்கியது ஒருங்குறி. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் வகுக்கப்பட்டதாயினும், வின்டோஸ் 2000 போன்றவை வந்த பின்னரே அது பொதுமக்கள் கைக்கு எட்டியது. ஒருங்குறியில் 'த' என்பது எங்கும் 'த'வே. போர்வை கிடந்தாலும் நீங்கினாலும் அது மாறாது. எனவே இன்று வெற்றெழுத்து மடலில் தமிழ் எழுதுவதற்குத் தடை யாதுமில்லை. ஆயினும் பாமினியில் அடித்துப் பழகிய கைகள் சில, அப்பழக்கத்தை மடலிலும் விடாதிருக்கின்றன. பார்வையற்றோர்க்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள், பாமினி மடலை எழுத்துக்கெழுத்து உரோமனாகவே ஒலிக்கும் என்பதை அன்னோர் எண்ணிப் பார்த்தல் நன்று. அம்மென்பொருள், தனியாகக் கேட்டாலன்றிச் சிவப்பையும் பொதுவாகச் சொல்லாது.

நிற்க. "வெற்றெழுத்தில் ஒரு சொல்லை எவ்வாறு அழுத்திச் சொல்வது?" என்று உயர்வகுப்பு மாணவர் வினவுவர். தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் உரோமன் அச்சோடு வளர்ந்தவை. ஏட்டுச்சுவடியில் தடிப்பும் இல்லை, நிறமும் இல்லை, பத்திப் பிரிவும் பெரும்பாலும் இல்லை. ஆயினும் கருத்து நின்றது. ஏகாரத்தின் பொருள்களுள் தேற்றத்தையும் பிரிநிலையையும் நன்னூலார் வைத்து எண்ணுகின்றார். "இரண்டாம் படியையே அனுப்புக" என்னுமிடத்து அவ்வோர் ஏகாரம் செய்யும் பணியைத் தடித்த எழுத்துச் செய்யாது. தடிப்பு, அழுத்தம் உண்டென்று மட்டும் காட்டும். ஏகாரமோ, மற்றையவற்றை விலக்குக என்றும் சொல்லும். பிறர் கூற்றை வேறுபடுத்த 'என்று', 'என' என்பன உள. சிறு திரையில் மிகத் தடித்த எழுத்தின் புள்ளி மெய்யோடு ஒட்டி மங்குதலும், அடிக்கோடு பு, சு முதலியவற்றின் கீழ்க்கோட்டில் மோதுதலும் யாவரும் காண்பனவே. சாய்வெழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டா.

மறுமொழியில் முதன்மடலை எடுத்தாளும் முறையும் ஈண்டு நோக்கத்தக்கது. வெற்றெழுத்து மடலில் பிறர் எழுதிய ஒவ்வொரு வரியின் முன்னும் வலப்புறம் கூர்ந்த கோணக்குறி ஒன்று நிற்கும். அவ்வரிக்குக் கீழே விடையை எழுதுவது நெடுநாள் வழக்கம். மூலத்தை ஒரு கூறாகக் காட்டி, அதன்கீழ் உரை வகுத்த நம் உரையாசிரியர் நெறியோடு இதனை ஒப்பிடலாம். இக்காலத்தில் விடையை மேலே எழுதி மூலத்தை முழுவதும் கீழே தொங்கவிடுகின்றனர். நான்கு வினா கேட்டவர்க்கு எவ்விடை எவ்வினாவுக்கு என்பது விளங்காது போவது அதனாலேயே.

சுமையைப் பற்றியும் ஒரு சொல். 'தமிழ்' என்பது ஒருங்குறியில் ஐந்து குறிகள், யூ.டி.எப்.-8 முறையில் 15 பைட்டுகள். மடலில் செல்வதற்காக மாற்றியமைக்கும்போது 20 ஆகலாம். இச்சிறு சுமை தாங்கத்தக்கதே. எழுத்துருப் பெயர், அளவு, நிறம், இலச்சினைப் படம் என்பன சேரும்போது, ஒற்றை வரி மறுமொழி அவ்வரியினும் பன்மடங்கு பருக்கின்றது. கண்டி நகரிலிருப்போர் இதனை உணரார்; மலைக்கு இப்பால் தரவு அட்டையை எண்ணியெண்ணிச் செலவிடுவோர் உணர்வர்.

ஆயின் கோலம் முற்றும் வேண்டாவோ எனின், அங்ஙனமன்று. புள்ளிகளும் பாடங்களும் நிரல்பட நிற்கும் அட்டவணையை வெற்றெழுத்தில் அனுப்பினால், தமிழ் எழுத்துகள் அகலத்தில் ஒவ்வாமையின் நிரல்கள் கலைந்துவிடும். அதனைக் கோலஞ்செய்தோ, தனிக் கோப்பாக இணைத்தோ அனுப்புதலே தக்கது. அழைப்பிதழுக்கும் அழகு வேண்டும். இரண்டு மூன்று வரியில் முடியும் மறுமொழிக்கும், பலர் கைமாறிச் செல்லவிருக்கும் மடலுக்கும் வெற்றெழுத்துப் போதும். எதுவாயினும், நிறம் நீங்கிய பின்னும் பொருள் நிற்குமா என்று அனுப்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இவ்வாண்டும் பட்டியல் அனுப்பினேன். திருத்தங்களை வரிசை இலக்கமிட்டு எழுதியுதவுமாறு அதனுடன் ஒரு வேண்டுகோளும் விடுத்தேன். வந்த மறுமொழி இது: "7ஆம் இலக்கம்: தந்தை பெயரின் முதலெழுத்து 'மு' அன்று, 'மூ'. 22ஆம் இலக்கம்: பிறந்த மாதம் விடுபட்டுள்ளது. ஏனையவை சரி." பாடசாலை விறாந்தையில் நின்றபடியே பத்து நிமிடத்தில் திருத்தி அனுப்பிவிட்டேன்.