குணமும் குற்றமும் – 9: கழுவாத கைகள்

சென்ற வாரம் கோபத்தைப் பார்த்தோம். கோபம் வந்தால் வந்தவருக்கும் தெரியும், எதிரில் நிற்பவருக்கும் தெரியும். செருக்கு அப்படியில்லை. நமக்கு நன்றாகக் கைவந்த தொழிலிலேயே அது குடியிருக்கும். திறமை என்ற பெயரிலேயே வெளியே நடமாடும். 1840-களின் வியன்னாவைவிட இதற்கு நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். 1846-ல் முதல் பிரிவில் 4,010 பிரசவம், 459 தாய்மார்கள் சாவு. இரண்டாவதில் 3,754 பிரசவம், 105 சாவு. எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள் என்பது வந்து சேரும் நாளைப் பொறுத்தது. டாக்டர்களின் முறை என்று தெரிந்ததும், இடுப்பு வலியோடு வந்த பெண்கள் மண்டியிட்டு அழுதார்கள்: எங்களை மற்றதில் சேர்த்துவிடுங்கள். படித்தவர்களுக்குப் பிடிபடாதது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

விசாரணைக் குழு போட்டார்கள். மாணவர்கள், அதிலும் வெளிநாட்டுக்காரர்கள், முரட்டுத்தனமாகப் பரிசோதிக்கிறார்கள் என்று முடிவு சொன்னது குழு. பழியைப் போட ஓர் அந்நியன் கிடைத்தால் எவ்வளவு நிம்மதி!

அங்கே உதவியாளராக இருந்தவர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ். 1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொல்லெட்ச்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி கீறிச் செத்தார். அவர் உடலில் தெரிந்த அறிகுறிகள் பிரசவக் காய்ச்சலில் செத்த பெண்களிடம் பார்த்தவையே. வியன்னாவுக்கு அன்று உலகப் புகழ் தேடித் தந்ததே பிணப் பரிசோதனைதான். காலையில் பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்கள் பிரசவ வார்டுக்கு வருவார்கள். சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலில் பிண வாடை போகாது. அந்த வாடையைப் போக்குகிறதே என்றுதான் செம்மல்வெய்ஸ் குளோரின் கரைசலைத் தேர்ந்தெடுத்தார். மே மாதத்திலிருந்து வார்டுக்குள் போகுமுன் எல்லோரும் அதில் கை கழுவ வேண்டும் என்றார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டு சொச்சத்துக்கு இறங்கியது.

இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனாலும் அவருடைய தலைவர் யோகான் கிளைன் மசியவில்லை. 1849-ல் செம்மல்வெய்ஸின் பதவியை நீட்டிக்கவும் இல்லை. கிளைனை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். ஏற்றுக்கொள்வதற்கு என்ன விலை என்றும் பார்க்க வேண்டும். ஆம் என்று தலையாட்டினால், இத்தனை வருடமும் கொன்றது என் கை என்று அர்த்தம். கீல் நகரத்துப் பேராசிரியர் மிகேலிஸ் ஏற்றுக்கொண்டார். தாம் பிரசவம் பார்த்த உறவுக்காரப் பெண் அதே காய்ச்சலில் இறந்தது நினைவுக்கு வந்தது. 1848-ல் தற்கொலை செய்துகொண்டார். மற்றவர்களுக்குச் செருக்கு ஒரு கவசம். அதைக் கழற்றினால் குற்றவுணர்ச்சி நேரே நெஞ்சில் பாயும்.

வள்ளுவர் குற்றங்கடிதலை அரசனுக்கான பகுதியில் வைத்து, செருக்கை முதலில் சொன்னது இங்கே நினைவுக்கு வருகிறது. சாமானியனின் அகந்தை அவன் வீட்டோடு போகும். நாற்காலியில் இருப்பவனின் அகந்தைக்கு ஊரார் சாகிறார்கள்.

கதையில் எனக்கு உறுத்துகிற இடம் இனிமேல்தான் வருகிறது. செம்மல்வெய்ஸும் அடக்கமானவரல்ல. கண்டுபிடித்ததை உடனே எழுதவில்லை. ஹெப்ரா, ஸ்கோடா போன்ற நண்பர்கள்தான் அவருக்காக எழுதினார்கள், பேசினார்கள். 1850-ல் கற்பிக்கும் அனுமதி கிடைத்தது, ஆனால் பொம்மையை வைத்துத்தான் பாடம் நடத்தலாம் என்ற நிபந்தனையோடு. அவமானம் தாங்காமல், தமக்காக வாதாடிய அந்த நண்பர்களிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விட்டார். இவ்வளவு தெளிவான உண்மையை இன்னும் விளக்க வேண்டுமா என்ற எண்ணமும் ஒருவகைத் தலைக்கனம்தான். புத்தகம் வந்தது 1861-ல். அதைக் கண்டித்த பேராசிரியர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, கொலைகாரர் என்று ஏசினார். ஏச்சு வாங்கியவர்கள் அவர் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் படிப்பார்களா?

1847-க்கும் 1861-க்கும் நடுவே பதினான்கு வருடம். அந்த இடைவெளியில் ஐரோப்பியப் பிரசவ வார்டுகளில் செத்த பெண்களை யார் கணக்கில் எழுதுவது? பெரும்பங்கு கிளைனுக்கும் அவர் கூட்டத்துக்கும்தான், சந்தேகமில்லை. மிச்சத்தைச் செம்மல்வெய்ஸின் பெயரில் எழுத எனக்குத் தயக்கம் உண்டு. எழுதாமல் விடவும் முடியவில்லை.

(தொடரும்)